அம்மாவின் இரவு மாத்திரை

பதினான்கு மாதங்கள் என் அம்மா ஒவ்வோர் இரவும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரையை விழுங்கினார். அது நோயைத் தீர்ப்பதற்கான மாத்திரை அன்று. தீர்ந்த சிறுநீர்த் தொற்று திரும்ப வராமல் தடுப்பதற்கானது. மருத்துவர் அதை எழுதித் தந்தது மூன்று மாதங்களுக்கு. மீதிப் பதினொரு மாதங்களும் நாங்களாகக் கூட்டிக்கொண்டவை. அந்தப் பதினொரு மாதங்களில் என்ன நடந்தது என்பதையும், தொடக்கத்திலேயே நாங்கள் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எத்தனையோ வீடுகளில் இதே மாத்திரை இதே போல யாரும் கணக்குப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை, அம்மாவின் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன்.

அம்மாவுக்கு அப்போது 69 வயது. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்து வந்தார். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி போக வேண்டும் என்ற உந்துதல் என முதல் தடவை வந்தபோது, வழக்கம் போல நீர்க்கடுப்பு என்று சொல்லி இளநீரும் நீர்மோரும் பார்லிக் கஞ்சியும் கொடுத்தோம். மூன்றாம் நாளும் குறையாததால் தெருமுனை மருந்துக் கடையில் சொல்லி ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கினோம். எரிச்சல் அடங்கியது. ஏழு வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி அதே மாத்திரை. பத்து மாதங்களில் இப்படி நான்கு தடவை. நான்கில் ஒரு தடவைகூடச் சிறுநீரை, அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை.

ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, ஓர் ஆண்டில் மூன்று தடவையோ சிறுநீர்த் தொற்று வந்தால் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டாக வேண்டுமானால், வந்தது தொற்றுதான் என்று குறைந்தது ஓரிரு தடவையாவது கல்ச்சரில் உறுதியாகியிருக்க வேண்டும். எரிச்சலுக்கெல்லாம் தொற்றே காரணம் அன்று. மாதவிடாய் நின்ற பின் பிறப்புறுப்புத் திசு வறண்டு மெலிவதாலும் எரியும், கற்களாலும் எரியும், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு அவ்விடத்தில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டும் எரியும். இவற்றுள் எதற்கும் ஆன்டிபயாட்டிக் தடுப்பு மாத்திரை பயன்படாது. முதல் துளிகளை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரை, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியல் இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிடும். நாங்கள் கடையில் வாங்கியது சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் சிறுநீர்த் தொற்றுக்கு மிகுதியும் காரணமான ஈ.கோலை என்ற கிருமி இவ்வகை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. போதாக்குறைக்கு, தசைநாண் கிழிவது, நரம்புகள் பாதிக்கப்படுவது போன்ற கேடுகளால், வேறு வழி இருக்கும்போது சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

நான்காவது தடவைக்குப் பிறகுதான் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போனோம். அவர் முறையாகவே நடந்துகொண்டார். கல்ச்சர் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்து கல் இல்லை என்பதையும், சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் மிச்சம் அதிகம் தங்கவில்லை என்பதையும் உறுதிப்படுத்தினார், மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்தார். இருந்த தொற்றை முதலில் முழுமையாகத் தீர்த்த பின்னரே தடுப்பு மாத்திரையைத் தொடங்கினார். இந்த வரிசை முக்கியமானது. உள்ளே தொற்று இருக்கும்போது குறைந்த அளவுத் தடுப்பு மாத்திரையைத் தொடங்கினால், அது நோயைத் தீர்க்காது. அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளை மட்டும் தப்பிப் பெருக விடும்.

அவர் எழுதித் தந்தது நைட்ரோஃபுரான்டோயின், இரவில் ஒன்று. 1953 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. விழுங்கியதும் இரத்தத்தில் அதிகம் தங்காமல் சிறுநீரகம் வழியாகச் சிறுநீரில் வந்து செறிவாகச் சேர்வதுதான் இதன் தனித்தன்மை. அதனால் பையில் உள்ள கிருமியை நன்றாகத் தாக்கும். குடலில் உள்ள நல்ல கிருமிகளை அவ்வளவாகக் குலைக்காது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஈ.கோலை பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படுகிறது. உணவோடு எடுத்தால் குமட்டல் குறையும், மருந்தும் உடலில் நன்றாகச் சேரும். படுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு எடுத்தால் இரவு முழுவதும் மருந்து பையிலேயே நிற்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். இவ்வளவையும் நான் குறித்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையோடு வாருங்கள் என்று அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்று மாதமும் அம்மாவுக்குத் தொற்று வரவில்லை. பேருந்தில் ஏறும்போது கழிப்பறையை எண்ணிப் பயந்து தண்ணீர் குடிக்காமலிருந்தவர், திருமணங்களுக்கும் கோவிலுக்கும் போகத் தொடங்கினார். நன்றாக இருப்பவரை எதற்காக மருத்துவமனைக்கு அலைக்கழிக்க வேண்டும் என்று நான் எண்ணினேன். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டினால், "அதே மாத்திரைதானே அக்கா?" என்று கேட்டு மூன்று அட்டைகளை எடுத்துத் தருவார்கள். சீட்டில் 90 நாள் என்று எழுதியிருந்ததை அவர்களும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டின்றி இதை வாங்கவோ விற்கவோ கூடாது என்பதை மக்களுக்கு உணர்த்த மத்திய அரசு 2016-இல் அந்தக் கோட்டைப் பற்றிப் பிரசாரமே நடத்தியது. ஒவ்வொரு மாதமும் அந்தக் கோட்டின் மேல்தான் கத்தரிக்கோலை வைத்து அட்டையை வெட்டிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது மாதம் வறட்டு இருமல் தொடங்கியது. மார்கழிப் பனி என்றோம். கஷாயம், இருமல் மருந்து, அதன் பின் ஒவ்வாமை மாத்திரை. தை முடிந்து மாசி வந்த பின்னும் இருமல் நிற்கவில்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கத் தொடங்கினார். நுரையீரல் மருத்துவரிடம் போனபோது, எக்ஸ்ரேயைப் பார்த்த பின் அவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?" என்பதுதான். அம்மா சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ளவற்றைச் சொன்னார். இரவு மாத்திரையைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக அன்று. அது நோய்க்கான மாத்திரை என்ற எண்ணமே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தவள் நான். அதைப் பார்த்ததும் மருத்துவர் எழுந்துபோய் எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

நைட்ரோஃபுரான்டோயின் நுரையீரலை இரண்டு விதமாகத் தாக்கக்கூடும் என்று அன்று விளக்கினார். ஒன்று, தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் எனத் திடீரென்று வருவது. நிறுத்தியதும் பெரும்பாலும் விரைவில் சரியாகிவிடும். மற்றது, ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, ஓசையின்றி மெல்ல வருவது. நுரையீரல் திசு அழற்சியடைந்து நாளடைவில் தழும்பாக இறுகும், அந்தத் தழும்பு முழுமையாக மறையாமலும் போகலாம். கல்லீரலையும் கைகால் நரம்புகளையும் இதே மருந்து இதே போல மெல்லத் தாக்கக்கூடும். பல நாள் எடுப்பவர்களிடம் இருமலோ மூச்சிரைப்போ மஞ்சள் காமாலையின் அறிகுறியோ தென்பட்டால் உடனே கவனிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஏப்ரலில் மருத்துவர்களுக்கு மறுபடியும் நினைவூட்டியது. இவை அரிதாக வரும் கேடுகள்தாம், பயந்து யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எதைக் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது அந்த வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருமல், மூச்சிரைப்பு, காரணமற்ற காய்ச்சல், பாதத்திலோ விரல்களிலோ மரத்துப்போவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றை எங்களுக்கு யாராவது ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால், மார்கழியிலேயே அம்மா நிறுத்தியிருப்பார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற கணக்கு அம்மாவுக்கு 41-ஆகக் குறைந்திருந்தது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் சிறுநீருக்கு வர வேண்டும். வடிகட்டல் குறைந்தால் பையில் மருந்து போதாது, இரத்தத்தில் மிகும். அதாவது பயன் குறைந்து கேடு கூடும். 45-க்குக் கீழே தவிர்க்கச் சொல்வது பிரிட்டனின் வழிகாட்டல். அமெரிக்காவில் மருந்துடன் வரும் குறிப்பு இன்னும் கண்டிப்பாக 60 என்கிறது. தொடங்கும்போது அம்மாவின் அளவு சரியாகவே இருந்தது. பதினெட்டு ஆண்டுச் சர்க்கரை உள்ளவருக்கு அது அப்படியே நிற்கும் என்று எண்ணியது எங்கள் பிழை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னது இதற்காகத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினினை மட்டும் பார்த்து "நார்மல்" என்று திருப்தியடைவதும் போதாது. ஒல்லியான மூதாட்டிகளுக்குக் கிரியாட்டினின் சரியாகத் தோன்றினாலும் வடிகட்டல் குறைந்திருக்கும். ஆய்வக அறிக்கையில் ஈ.ஜி.எஃப்.ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வேறு தடுப்பு மாத்திரைகளுக்கும் தனித்தனி எச்சரிக்கைகள் உண்டு. டிரைமெத்தோபிரிம், அல்லது அதனுடன் சல்ஃபா வகை மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை, சிலருக்குத் தடுப்புக்காகத் தரப்படுகிறது. டெல்மிசார்டன், ராமிபிரில், எனாலபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற இரத்த அழுத்த, இதய மாத்திரைகளை எடுப்பவருக்கு இதையும் சேர்த்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். நம் ஊரில் அறுபது வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேருடைய மாத்திரை டப்பாவில் டெல்மிசார்டன் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் டிரைமெத்தோபிரிமை அறவே தவிர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவது நின்றுபோகும் அளவுக்குக் கேடு வரலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு சல்ஃபா கூட்டு மாத்திரை இரத்தக் கசிவை உண்டாக்கலாம். சல்ஃபாவுக்கு முன்பு உடலில் தடிப்போ கொப்புளமோ வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நைட்ரோஃபுரான்டோயினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். எந்தத் துறை மருத்துவரிடம் போனாலும் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்வதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

நம் வீடுகளில் மிகவும் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைத் தனியே சொல்ல வேண்டும். எரிச்சல் என்றதும் நாம் வாங்கும் அந்தச் சிட்ரேட் சிரப், தண்ணீரில் கலந்து குடிப்பது, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கிறது. ஆனால் நைட்ரோஃபுரான்டோயின் அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவதாகிவிடும். நெஞ்செரிச்சலுக்கு எடுக்கும் சில ஆன்டாசிட் மருந்துகளும், முக்கியமாக மெக்னீசியம் டிரைசிலிகேட் உள்ளவை, இந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். அம்மா இவை இரண்டையும் அவ்வப்போது குடித்திருக்கிறார். கடையில் கேட்டு வாங்கிய எதையும் நாங்கள் மருந்தாகக் கருதியதில்லை.

இரவு மாத்திரையை அன்றே நிறுத்தினோம். மூச்சு ஓரளவு சீரடையவே ஏழு மாதங்கள் ஆயின. வேகமாக நடந்தால் இப்போதும் சற்று இரைக்கிறது. அடுத்த கவலை தொற்று திரும்புமோ என்பது. தடுப்பு மாத்திரை எடுக்கும்வரைதான் காக்கும், நிறுத்தினால் பலருக்கும் திரும்ப வருகிறது என்பதைச் சிறுநீரகவியல் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் ஆன்டிபயாட்டிக் அல்லாத வழிகளை முதலில் முயல வேண்டும் என்று சொல்லி, மாதவிடாய் நின்றவர்களுக்கு உரிய ஈஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் கிரீமை எழுதித் தந்தார். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பின்னர் வாரம் இருமுறை, பிறப்புறுப்பின் உள்ளே வைக்க வேண்டும். ஹார்மோன் குறைவதால் அங்கே நல்ல கிருமிகள் குறைந்து, அமிலத்தன்மை போய், குடலிலிருந்து வரும் ஈ.கோலை குடியேற இடம் கிடைக்கிறது. கிரீம் அந்த இடத்தை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற 93 பெண்களில் கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 தடவையும், வெற்றுக் கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த இந்த வழி ஏன் எங்களுக்கு முதலிலேயே சொல்லப்படவில்லை என்று வருந்தினேன். பிறகு யோசித்தால், சொல்லியிருந்தாலும் அம்மா மறுத்திருப்பார். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்று இரண்டு வாரம் கிரீம் குழாயைத் திறக்கவே இல்லை. செவிலியர் ஒருவர் தனியறையில் அமர்த்திப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பின்னரே கூச்சம் விட்டது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தக் கிரீம் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. இருந்தாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தம் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மெத்தனமின் ஹிப்பியூரேட் என்ற மாத்திரையைப் பற்றியும் பேசினோம். இது ஆன்டிபயாட்டிக் அன்று; அமிலச் சிறுநீரில் பிரிந்து ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுக் கிருமியைக் கொல்கிறது, அதனால் கிருமிகள் இதற்குப் பழகிக்கொள்வதில்லை. பிரிட்டனில் 240 பெண்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 0.89 தடவையும் இதை எடுத்தவர்களுக்கு 1.38 தடவையும் தொற்று வந்தது; வித்தியாசம் சிறியது என்று கருதி இதை ஒரு மாற்றாக ஏற்கிறார்கள். இதனுடனும் சிட்ரேட் சிரப் கூடாது, சல்ஃபாவும் கூடாது. கல்லீரலோ சிறுநீரகமோ கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கும் ஆகாது. அம்மாவின் சிறுநீரக நிலையைப் பார்த்து இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

தண்ணீரின் பங்கை நான் முன்பு அலட்சியமாக எண்ணியதுண்டு. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து வந்த, மாதவிடாய் நிற்காத 140 பெண்களிடம் நடந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 தடவையும், வழக்கம் போலவே குடித்தவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிரான்பெர்ரி என்ற பழம் சில பெண்களுக்கு உதவுகிறது. டி-மன்னோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரைப் பொடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தரவா என்று உறவினர் ஒருவர் கேட்டார். 2024-இல் வெளியான பெரிய ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டியதால் வேண்டாம் என்றேன்.

இளம்பெண்களின் நிலை வேறு. உடலுறவுக்குப் பின் மட்டும் தொற்று வருபவர்களுக்குத் தினமும் மாத்திரை தேவையில்லை. அந்தச் சமயத்தில் மட்டும் ஒரு மாத்திரை போதும் என்ற முறை உண்டு. இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதாலேயே பலர் ஆண்டு முழுவதும் மருந்து விழுங்குகிறார்கள். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் கருவுற்றவர்களும் பழைய தடுப்பு மாத்திரையைக் கேட்காமல் தொடரக் கூடாது. டிரைமெத்தோபிரிம் முதல் மூன்று மாதங்களிலும், நைட்ரோஃபுரான்டோயின் பிரசவ நாள் நெருங்கும்போதும் குழந்தைக்கு ஆகாதவை.

கிரீம் தொடங்கிய பின் ஒரு முறை, ஆண்டுப் பரிசோதனைத் தொகுப்பில் அம்மாவின் சிறுநீரில் கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. உடனே மாத்திரை வேண்டும் என்று நான் பதறினேன். தொந்தரவு எதுவும் இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால், கருவுற்றவர்களுக்கும் சிறுநீர்ப் பாதையில் சில அறுவை சிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்களுக்கும் தவிர மற்றவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை, கொடுத்தால் அடங்காத கிருமிகளைத்தான் வளர்ப்போம் என்று மருத்துவர் தடுத்தார். கலங்கிய சிறுநீரோ நாற்றமோ மட்டும் இருந்தால் அதுவும் தொற்றுக்குச் சான்றாகாது. ஆனால் குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, முதியவர் திடீரென்று மயங்கிப் பிதற்றுவது ஆகியவை வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பு மாத்திரை எடுக்கும்போதே தொற்று வந்தால் அதே மாத்திரையை இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. கல்ச்சர் எடுத்து வேறு மருந்தால் தீர்க்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்து எடுப்பதும் தவறு.

கடந்த பதினெட்டு மாதங்களில் அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை தொற்று வந்தது. கல்ச்சருக்குக் கொடுத்த பிறகு, தண்ணீரில் கலக்கும் ஃபாஸ்ஃபோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடி மூன்று கிராம், ஒரே வேளையில் தீர்ந்தது. மாத்திரை டப்பாவின் மூடியில் இப்போது ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன்: ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய தேதி, நிறுத்த வேண்டிய தேதி, அடுத்த ஈ.ஜி.எஃப்.ஆர் பார்க்க வேண்டிய தேதி. போன மாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில், சீட்டு முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் அம்மாவே சொல்லியிருக்கிறார். ஈஸ்ட்ரியால் கிரீம் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். அவற்றை அவரே நாள்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்கிறார்.